கனடாவிலிருந்து வந்த கமெரா வீட்டு வைஃபையைப் பிடிக்குதில்லை (உருத்திரபுரம்)

உருத்திரபுரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி உருத்திரபுரத்தில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். அண்ணா விடுமுறைக்கு வந்தபோது ஸ்காபறோவிலிருந்து ஒரு கமெரா, டிவியையும் ஃபேனையும் ஃபோனாலேயே இயக்கும் ஒரு சின்ன ரிமோட் பெட்டி, நாலு கலர் பல்ப் கொண்டுவந்தார். அதற்கு முன்பே கொழும்புக் கடை ஒன்றில் ஒன்லைனில் வாங்கின மூன்று ஸ்மார்ட் பிளக்கும் வீட்டில் இருக்கின்றன.

பிளக் மூன்றும் பிரச்சினையே இல்லை. கமெரா அண்ணா நிற்கும்வரை வேலை செய்தது, அவர் போன பிறகு நின்றுவிட்டது. ரிமோட் பெட்டியை அதற்குப் பிறகுதான் பிரித்தோம், அது ஒருநாளும் சேரவில்லை. இரண்டும் ஒரே பதில்தான் சொல்கின்றன: வைஃபை கிடைக்கவில்லை. றவுட்டர் சிம் போடும் 4ஜி வகை, விறாந்தை யன்னலில் இருக்கிறது. ஃபோன், டிவி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பாஸ்வேர்ட் சரி, எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன். பல்ப் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை. எங்கே தொடங்கலாம்?

முருங்கன் வயர்மன்

தம்பி, வைஃபையை விடுங்கள். அந்தப் பல்ப்பை எடுக்காமல் இருந்தது பெரிய புண்ணியம். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பல்ப்பின் கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் ஹோல்டருக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். அவர்களுடைய இ26 மரை எங்கள் இ27 மரை ஹோல்டருக்குள் அழகாகப் போய் உட்காரும். அதுதான் ஆபத்து. போகாத சாமான் என்றால் யாரும் போட மாட்டார்கள்.

கமெராவின் அடப்டரில் 100-240 என்று இருந்தால் பயமில்லை, முள்ளுக்கு மட்டும் ஒரு மாற்றி போதும். ரிமோட் பெட்டி யூஎஸ்பி வயரில் ஓடுவதென்றால் இங்குள்ள ஃபோன் சார்ஜரிலேயே கொடுக்கலாம்.

உருத்திரபுரத்தான்

பார்த்தேன் அண்ணை. பல்ப் 120 மட்டும்தான். கமெரா அடப்டர் 100-240. ரிமோட் பெட்டி யூஎஸ்பி. பல்ப்பை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன், அம்மாவுக்கும் சொல்லியாயிற்று.

பரந்தன் பொடியன்

இது வழக்கமான கதைதான் அண்ணா. உங்கள் றவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசையையும் ஒரே பெயரில் விடுகிறது போல. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 மட்டும்தான் பிடிக்கும். உள்ளே இருக்கும் சில்லு மலிவானது. உதாரணத்துக்கு 2014 இல் வந்து இந்தத் துறையையே நிரப்பிய இஎஸ்பி8266 க்கு 5 என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சேர்க்கும்போது ஃபோன் 5 இல் நின்றால் இன்னும் மோசம். சில அப்கள் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் காற்றில் பரப்பும், சாமான் அதை ஒட்டுக்கேட்டு எடுத்துக்கொள்ளும். ஃபோன் 5 இல் பேசினால் 2.4 மட்டும் கேட்கும் காதுக்கு ஒன்றும் விழாது. றவுட்டர் பக்கத்துக்குள் போய் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். பிரவுசரில் அடிக்கும் முகவரி 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும், அடியில் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள்.

உருத்திரபுரத்தான்

பெயரைப் பிரித்தேன். ஃபோனையும் 2.4 இல் நிறுத்திச் சேர்த்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன்: கமெரா அப் தான் பிடிக்கும் வைஃபைகளைப் பட்டியலாகக் காட்டும். அதில் பக்கத்து வீட்டு வைஃபை வருகிறது, எங்களுடையது வரவில்லை!

ஸ்காபறோ தம்பி

நான் இங்கிருந்து எங்கள் முள்ளியவளை வீட்டுக்கு ஒன்று அனுப்பியபோது பட்டது இது. உங்கள் அண்ணா கொண்டுவருமுன் கனடாவிலேயே போட்டுச் சோதித்தாரா? அப்படியென்றால் கமெரா அவருடைய கணக்கில் கட்டப்பட்டிருக்கும். அவர் தன் அப்பிலிருந்து அதை நீக்காதவரை பல கமெராக்கள் வேறு கணக்குக்கு இடம் கொடுக்காது. களவு போனால் எடுத்தவன் பாவிக்கக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டு. ரீசெட் பொத்தானை எவ்வளவு நேரம் அமத்தினாலும் அது போகாது.

உருத்திரபுரத்தான்

அண்ணாவிடம் சொல்லி நீக்கியாயிற்று. இப்போது என் கணக்கில் புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் பட்டியலில் எங்கள் வைஃபை இன்னும் இல்லை.

முருங்கன் வயர்மன்

இடி விழுந்து கமெராவின் அன்டெனா போயிருக்கும் தம்பி. இந்த மாதங்களில் இது சாதாரணம். ஐப்பசி இடிக்கு எத்தனை றவுட்டர், எத்தனை டிவி பெட்டி போயிருக்கின்றன.

நெடுங்கேணி நிலா

வயர்மன் அண்ணை, அன்டெனா போனால் பக்கத்து வீட்டு வைஃபை எப்படித் தெரியும்? அதுவும் மதிலுக்கு அப்பால். அதோடு, பெட்டியைவிட்டே எடுக்காமல் இருந்த ரிமோட் பெட்டிக்கும் அதே வருத்தம். இரண்டும் ஒன்றாகக் கெட வாய்ப்பில்லை.

உருத்திரபுரத்தான், இரண்டு கேள்வி. கமெரா நின்றது எப்போது, அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது? "அண்ணா போன பிறகு" என்பது போதாது. மற்றது, வைஃபைக்கு என்ன மாதிரி பெயர் வைத்திருக்கிறீர்கள்? ஒளித்து வைத்த பெயரா, தமிழ் எழுத்தா, பாஸ்வேர்டில் இடைவெளி ஏதும் இருக்கிறதா?

உருத்திரபுரத்தான்

நின்றது இடி மழை இரவில். கரண்ட் போய் விடியத்தான் வந்தது. பிளக்குகள் தானாக வந்து ஒட்டிக்கொண்டன, கமெரா மட்டும் வரவில்லை. பெயர் சாதாரண ஆங்கில எழுத்து, ஒளித்து வைக்கவில்லை. பாஸ்வேர்டில் எழுத்தும் இலக்கமும் மட்டும்.

ஒட்டுசுட்டான் கச்சான்

இடையில் புகுந்ததற்குக் குறை நினைக்காதேங்கோ. தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் என்ன பிரச்சினை? நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு சாமான் சேருதில்லை.

நெடுங்கேணி நிலா

வைஃபைப் பெயருக்கு 32 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் எழுத்துக்கு, கொம்புக்கு, விசிறிக்கு, புள்ளிக்கு எல்லாம் தனித்தனியாக மும்மூன்று பைட் போகும். "கிளிநொச்சி" என்று எழுதினாலே 30 பைட் முடிந்துவிடும், பிறகு "வீடு" என்று சேர்க்க இடமில்லை. ஃபோன்கள் தமிழ்ப் பெயரை ஒழுங்காகக் காட்டும். மலிவான சாமான்களின் அப்கள் சில அதைக் கேள்விக்குறியாக மாற்றிப் பிழையான பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். ஃபோனுக்கு ஆசைப்படி வையுங்கள், சாமான்களுக்கு என்று ஆங்கில எழுத்தில் இன்னொரு பெயர் விடுங்கள். பல றவுட்டரில் இரண்டாவது பெயர் விட வசதி உண்டு. ஆனால் அதை "விருந்தினர்" வகையில் விட்டால் சாமானும் ஃபோனும் ஒன்றையொன்று பார்க்காமல் போகலாம், அதைக் கவனியுங்கள்.

பழைய ரேடியோ

நிலா பிள்ளை சரியான பாதையில் போகிறா. நான் ஒரு சோதனை சொல்கிறேன், இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை பிரிந்துவிடும். வீட்டில் இருக்கும் இரண்டாவது ஃபோனில் ஹொட்ஸ்பொட் போடுங்கள். அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று தெரிவு செய்யுங்கள். ஐஃபோன் என்றால் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் "அதிகப் பொருத்தம்" என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் 2.4 க்கு வரும். பிறகு கமெராவை அந்த ஹொட்ஸ்பொட்டில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் கமெராவில் குற்றமில்லை, றவுட்டர் விடும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது. சேராவிட்டால் வயர்மன் சொன்னதைப் பிறகு யோசிக்கலாம்.

உருத்திரபுரத்தான்

ஐயா, உடனே சேர்ந்தது! படமும் வருகிறது, அம்மா கோழிக்குத் தீன் போடுவது தெரிகிறது. ரிமோட் பெட்டியும் சேர்ந்தது. ஹொட்ஸ்பொட்டை நிறுத்தி வீட்டு வைஃபைக்கு மாற்றினால் பழையபடிதான்.

நெடுங்கேணி நிலா

அப்போ சனலைப் பாருங்கள், அதாவது 2.4 க்குள்ளேயே இலக்கம் போட்டுப் பிரித்த பாதைகளில் றவுட்டர் எதில் நிற்கிறது என்று. அண்ட்ரொய்ட் ஃபோனில் வைஃபை அனலைசர் வகை அப் ஒன்றை இறக்கினால் உங்கள் 2.4 எந்தச் சனலில் நிற்கிறது என்று இலக்கம் காட்டும். றவுட்டர் பக்கத்தில் "தானியங்கி" என்று மட்டும் இருந்தால் அதை நம்பிவிடாமல் அப்பில் பாருங்கள்.

உருத்திரபுரத்தான்

13. பக்கத்து வீடு 6.

நெடுங்கேணி நிலா

நினைத்தேன். கமெராவும் ரிமோட் பெட்டியும் கனடாச் சந்தைக்குச் செய்தவை. அங்கே வீட்டு வைஃபை 1 முதல் 11 வரைதான் நடைமுறையில் ஓடுகிறது. அதனால் அந்தச் சந்தைக்குப் போகும் பல சாமான்கள் 12, 13 பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. இங்கும் ஐரோப்பாவிலும் விற்கும் றவுட்டர்கள் 13 வரை போகும். உங்கள் றவுட்டர் 13 இல் நின்றால் கமெராவைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் வைஃபையே இல்லை. பாஸ்வேர்ட் பிழை என்று சொல்லாமல் "கிடைக்கவில்லை" என்று சொன்னதும் அதனால்தான். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, பாவம்.

கரண்ட் கதையும் இங்கேதான் பொருந்துகிறது. சனல் தானியங்கியில் இருந்தால் றவுட்டர் எழும்பும்போது சுற்றிப் பார்த்து ஒன்றைப் பிடிக்கும். அண்ணா நின்ற நாட்களில் 11 க்குள் ஏதோ ஒன்றில் இருந்திருக்கும். கரண்ட் வந்து எழும்பியபோது 13 வெறுமையாகத் தெரிந்திருக்கிறது, அங்கே போய்விட்டது. பிளக்குகள் இந்தப் பக்கச் சந்தைக்கானவை, ஃபோன்களும் அப்படி, ஆகவே அவற்றுக்கு 13 ஒரு பொருட்டில்லை. ஹொட்ஸ்பொட் பெரும்பாலும் 11 க்குள்தான் விடும், அதனால் அங்கே சேர்ந்தது.

தானியங்கியை எடுத்துவிட்டு 1 அல்லது 11 என்று நிரந்தரமாக வையுங்கள். பக்கத்து வீடு 6 என்பதால் 6 வேண்டாம். சனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், பாஸ்வேர்ட் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய சாமான்கள் உள்ளே வராது.

உருத்திரபுரத்தான்

11 இல் வைத்தேன். நான் அப்பைத் திறக்குமுன்னே பட்டியலில் எங்கள் பெயர் வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தாயிற்று. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டும் பார்த்தேன், றவுட்டர் 11 இலேயே எழும்புகிறது. நிலா அக்கா, ஐயா, எல்லோருக்கும் மிச்சம் நன்றி.

பரந்தன் பொடியன்

இது எனக்குப் புதுசு அக்கா. ஆனால் ஒன்று, சுவிஸ், ஜேர்மனியிலிருந்து வரும் சாமானுக்கு இந்தப் பிரச்சினை இருக்காதுதானே?

நெடுங்கேணி நிலா

சனல் பிரச்சினை இருக்காது, அங்கும் 13 வரை உண்டு. வோல்ட்டும் 230. முள்ளு மட்டும் வேறு. ஆகவே வெளிநாட்டுச் சொந்தம் "என்ன கொண்டுவர?" என்று கேட்டால் ஐரோப்பாவில் இருப்பவரிடம் கமெராவும், கனடாவில் இருப்பவரிடம் சொக்லேட்டும் கேளுங்கள் :)

ஸ்காபறோ தம்பி

அக்கா இது அநியாயம் :) ஆனால் பல்ப் விஷயத்தில் நியாயம். இங்கே கடையில் எதை எடுத்தாலும் 120 தான்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன், உருத்திரபுரத்தான். கமெரா வேலை செய்யத் தொடங்கியதும் அடுத்த தலையிடி டேட்டா. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுக்கப் படம் மேலே போனால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. அம்மாவையும் அப்பாவையும் பார்க்கும் ஆசையில் உங்கள் அண்ணா வேலை மேசையில் அதைத் திறந்தபடி வைத்தால், பெக்கேஜ் மாத நடுவிலேயே முடியும். எங்கள் வீட்டில் அம்மா "கமெரா வந்த பிறகு நாடகம் பார்க்க நெட் இல்லை" என்று கழற்றியே வைத்துவிட்டா. மெமரி காட் ஒன்று போட்டுப் பதிவை அதற்குள் விடுங்கள், கிளவுட் பதிவை நிறுத்துங்கள், நேரடிப் படத்தைக் குறைந்த தரத்துக்கு மாற்றுங்கள். அசைவு தெரிந்தால் செய்தி அனுப்பும் வசதியில் முற்றத்து மரத்தை மறைத்து எல்லை கீறுங்கள், இல்லாவிட்டால் காற்றடிக்கும் நேரமெல்லாம் ஃபோன் அலறும்.

பழைய ரேடியோ

சிம் றவுட்டர்காரருக்கு இன்னொரு குறிப்பு. சிலர் இணையத்தில் பார்த்து, வெளியிலிருந்து கமெராவுக்கு நேரே வர றவுட்டரில் வழி விடும் போர்ட் திறக்கும் வித்தையெல்லாம் செய்து நாட்களை வீணாக்குகிறார்கள். மொபைல் வலையமைப்பில் பொதுவாகப் பலருக்கும் சேர்த்து ஒரே வெளி ஐபி (இணைய முகவரி) தான் கிடைக்கும், ஆகவே வெளியிலிருந்து நேரே உங்கள் கமெராவைத் தட்ட முடியாது. கமெராவே வெளியே போய் தன் கம்பனி சேவரோடு பேசும் வகை என்றால்தான் சரிவரும். வாங்குமுன் அதைக் கேளுங்கள்.

றவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வைத்தால் நல்லது, முதலில் அடப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் பிளக் சில நொடியில் எழும்பி வைஃபையைத் தேடும், றவுட்டர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். நல்ல சாமான் திரும்பத் திரும்பத் தேடும். சில மலிவுகள் கொஞ்சம் தேடிவிட்டுப் படுத்துவிடும், பிறகு கையால் கழற்றிப் போடவேண்டும்.

முருங்கன் வயர்மன்

யூபிஎஸ் இருந்தாலும் இடி கேட்டால் றவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். இதையாவது கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் கச்சான்

நிலா சொன்னபடி ஆங்கிலத்தில் பெயர் விட்டேன், வீட்டுக்குள் சேர்ந்துவிட்டது. நன்றி பிள்ளை. இனி என் உண்மையான பிரச்சினை. அது கிணற்றடி மோட்டருக்கு வாங்கின ஸ்மார்ட் சுவிட்ச். ராவில் யானைப் பயத்தில் தோட்டத்துப் பக்கம் போக முடியாது, வீட்டிலிருந்தே மோட்டரை நிறுத்தலாம் என்று நினைத்தேன். விறாந்தையில் சேருகிறது, கிணற்றடிப் பெட்டிக்குள் பூட்டினால் போய்விடுகிறது. மோட்டர் 1 குதிரைவலு. சுவிட்சில் 16 அம்பியர் என்று போட்டிருக்கிறது.

முருங்கன் வயர்மன்

பெட்டி தகரமா?

ஒட்டுசுட்டான் கச்சான்

தகரப் பெட்டிதான், மோட்டரோடு வந்தது. வீட்டுக் கூரையும் தகரம்.

முருங்கன் வயர்மன்

இரண்டு பிரச்சினை இருக்கிறது அண்ணை, ஒன்று மற்றதைவிடப் பெரிது. வைஃபை சின்னது. தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினால் எந்த அலையும் உள்ளே போகாது. மழை புகாத பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, சுவிட்சை மட்டும் அதற்குள் மாற்றுங்கள்.

பெரிய பிரச்சினை அந்த 16 அம்பியர். அது ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி மாதிரியான சுமைக்குப் போட்ட கணக்கு. 1 குதிரைவலு என்பது 746 வொட். ஒற்றைக் கட்ட மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சுவிட்சுக்குள் கரண்டைத் திறந்து மூடும் சின்ன ரிலேயின் முனைகள் நாளடைவில் ஒட்டிப்போகும். ஒட்டினால் அப்பில் "ஓஃப்" என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றின பிறகும் ஓடும். ஆகவே ஸ்மார்ட் சுவிட்ச் ஒரு கொண்டாக்டரின் (மோட்டர் மாதிரிப் பெரிய சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) 230 வோல்ட் கொயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டரின் கரண்ட் கொண்டாக்டர் வழியாகப் போகட்டும். மோட்டருக்கு அளவுக்கு மீறி இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே, ஏர்த், கரண்ட் கசிந்தால் விழும் ட்ரிப் சுவிட்ச் மூன்றும் இருக்கவேண்டும். ஈரத்தில் நிற்கும் இடம், நீங்களாகச் செய்யாமல் தெரிந்த வயர்மனைக் கூப்பிடுங்கள்.

பழைய ரேடியோ

கிணறு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இடையில் என்ன நிற்கிறது?

ஒட்டுசுட்டான் கச்சான்

ஒரு நாற்பது மீற்றர் வரும் ஐயா. இடையில் குசினிச் சுவரும் வாழையும்.

பழைய ரேடியோ

றவுட்டர் நடு அறையில் இருந்தால் இரண்டு கல்லுச் சுவர் தாண்டவேண்டும், அதற்குப் பிறகு ஈரமான வாழை இலை. தண்ணீர் 2.4 ஐ நன்றாகக் குடிக்கும். றவுட்டரைக் கிணற்றுப் பக்க யன்னலுக்கு மாற்றிப் பாருங்கள். சிம் சிக்னல் அங்கே குறைந்தால் றவுட்டரை இருந்த இடத்திலேயே விட்டு, யன்னலில் வைஃபையை வாங்கித் திரும்ப விடும் ஒரு ரிப்பீட்டர் வையுங்கள். ஃபோனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அனலைசரில் பாருங்கள்: சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அளவில் காட்டும், மைனஸ் 70 டிபிஎம்மைவிட நல்லதாக இருந்தால் நம்பலாம், மைனஸ் 80 க்குப் போனால் ஒருநாள் பிடிக்கும் ஒருநாள் விடும். மைனஸ் 60 என்பது மைனஸ் 80 ஐவிட நல்லது, மைனஸ் இருப்பதால் பலரும் மாறி விளங்கிக்கொள்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் கச்சான்

யன்னலுக்கு மாற்றினேன் ஐயா. கிணற்றடியில் மைனஸ் 68 காட்டுகிறது, சிம் சிக்னலும் குறையவில்லை. பிளாஸ்டிக் பெட்டியும் கொண்டாக்டரும் புதுக்குடியிருப்பில் எடுக்கலாமா, வவுனியாவுக்குப் போகவேண்டுமா?

நெடுங்கேணி நிலா

பெட்டி பெரிய ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். கொண்டாக்டர் வாங்கும்போது கொயில் 230 வோல்ட் ஏசி என்று பார்த்து வாங்குங்கள், 24 வோல்ட் கொயிலும் அதே உருவத்தில் வரும். சுவிட்சின் அமைப்பில் "கரண்ட் வந்தபின் நிலை" என்று ஒன்று இருக்கும், அதை "ஓஃப்" இல் வையுங்கள். இல்லாவிட்டால் விடிய நாலு மணிக்குக் கரண்ட் வரும்போது மோட்டரும் தானாகக் கிளம்பும்.